கோட்டுக்கு வெளியே நிற்பவர்கள்

எங்கள் வீட்டுச் சுவரில் மூன்று படங்கள். நடுவில் அண்ணல் அம்பேத்கர். இடப்பக்கம் வேளாங்கண்ணி மாதா. வலப்பக்கம் மரடோனா. வியாசர்பாடியில் இது ஒன்றும் அதிசயமில்லை. மில் தொழிலாளியான அப்பா 1986 உலகக் கோப்பையைத் தெருக்கோடி வீட்டு டி.வி.யில், ஜன்னலுக்கு வெளியே நின்றபடி பார்த்துவிட்டு வந்து மாட்டிய படம். "யாருய்யா இந்தக் குள்ளன், நம்ம சனமா?" என்று அம்மா கேட்டதாம். "நம்மாளுதான். சேரிக்காரன்" என்றாராம் அப்பா. வில்லா ஃபியோரித்தோ என்ற பெயரை அப்பா கேள்விப்பட்டதே இல்லை. ப்யூனஸ் அயர்ஸ் நகரத்தின் ஓரத்தில் தண்ணீரும் சாக்கடையும் சரியாக இல்லாத அந்தக் குடிசைப் பகுதியில்தான் மரடோனா வளர்ந்தார் என்பதை நான்தான் பிற்பாடு படித்துச் சொன்னேன். "அதான் அன்னைக்கே சொன்னேனே" என்றார்.

அப்பா இப்போது இல்லை. கத்தார் கோப்பையைப் பார்த்துட்டுத்தான் போனார். அண்மையில் கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்த தோழர் ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்து முகம் சுளித்தார். "அண்ணல் பக்கத்துல பந்து உதைக்கிறவனா? இந்தப் போதையிலேர்ந்துதாம்மா நம்ம பசங்கள மீட்கணும்." டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். அன்றைக்குச் சொல்லாத பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

முதலில் சொற்களைப் பார்ப்போம். டிசம்பரில் சபாவில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுகிறவர் 'ரசிகர்'. ராத்திரி ஒன்றரை மணிக்கு ஒரே செல்போனைச் சுற்றி எட்டுப் பேர் குந்தி, ஐரோப்பாவில் நடக்கிற ஆட்டத்தைப் பார்க்கிற எங்கள் தெருப் பையன்கள் யார்? ரோந்து வருகிறவருக்குச் 'சந்தேகத்துக்கிடமான கும்பல்'. பத்திரிகைக்குக் 'கால்பந்து வெறியர்கள்'. சுவைப்பதற்கும்கூடச் சாதிச் சான்றிதழ் கேட்கிறது இந்தச் சமூகம். உட்கார்ந்து சுவைத்தால் ரசனை, நின்று கத்தினால் வெறி.

எம்.ஏ. வகுப்பில் முல்லைக்கலி நடத்தினார்கள். ஏறு தழுவியவனின் வீரத்தைப் பற்றிப் பேராசிரியர் ஒரு வாரம் பேசினார். காளையின் கொம்புக்கு அஞ்சுகிறவனை ஆயர்மகள் மணக்கமாட்டாள் என்று சொல்லி வகுப்பைச் சிரிக்க வைத்தார். சுற்றி நின்று பார்த்தவர்களின் கதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பார்க்கிற பெண் அங்கே பார்வையாளரும் பரிசும் சேர்ந்தவள் என்பதும் பேசப்படவில்லை. ஆடுகிறவன் இலக்கியத்துக்குள் வந்துவிடுகிறான். பார்க்கிறவன் 'ஆரவாரம்' என்ற ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிவிடுகிறான். நம் விமர்சன மரபிலும் இந்தப் பழக்கம் தொடர்கிறது.

உதாரணத்துக்குப் பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை'. 2021 ஜூலை 22 அன்று வெளிவந்தது. நாம் எல்லோரும் கொண்டாடிய படம், நானும் கொண்டாடினேன். அதன் தொடக்கத்தில் கபிலன் வீரன் அல்ல, வெறும் ரசிகன். துறைமுகத்தில் வேலை செய்கிறவன், வேலையைப் போட்டுவிட்டுச் சண்டை பார்க்க ஓடுகிறான். அம்மா பாக்கியம் அவனை அடித்து நொறுக்குகிறாள். ஆட்டத்தைப் பார்க்கப் போனவன் ஆடப் போவான், ஆடப் போனவன் கத்தி எடுப்பான், கத்தி எடுத்தவன் பிணமாக வருவான். புருஷனைப் பறிகொடுத்த அவள் வாழ்க்கை அவளுக்குக் கற்றுக்கொடுத்த கணக்கு இது. வடசென்னைப் பெண்கள் யாரைக் கேட்டாலும் இதே கணக்கைச் சொல்வார்கள். அந்த அரைமணி நேரம்தான் தமிழ் சினிமா ஒரு சேரி ரசிகனின் அன்றாடத்தை அதன் பயத்தோடு சேர்த்துக் காட்டியது என்பது என் கருத்து. கபிலன் கையுறை மாட்டியதும் படம் அவனோடு வளையத்துக்குள் ஏறிவிடுகிறது. கீழே நிற்கிறவர்கள் மறுபடி ஆரவாரமாகிவிடுகிறார்கள். பரம்பரைகளைப் பற்றி, நெருக்கடி நிலையைப் பற்றி விமர்சனங்கள் எழுதினோம். பாக்கியத்தின் கணக்கைப் பற்றி நாமும் எழுதவில்லை.

நம் பக்கத்து அறிவாளிகளிடம் இரண்டு விதமான பேச்சுகள் உண்டு. ஒன்று, விளையாட்டு மக்களின் அபின், முதலாளி விரிக்கிற வலை என்பது. மற்றது, விளையாட்டு அடித்தட்டு மக்களின் எதிர்க் கலாச்சாரம், கொண்டாட்டம், கலகம் என்பது. இரண்டுமே மைதானத்துக்கு வராதவர்களின் பேச்சு. முதலாவது எங்கள் பையன்களை முட்டாள்களாக்குகிறது. இரண்டாவது கூட்டம் என்றாலே புனிதம் என்று நம்பச் சொல்கிறது. கூட்டம் எப்படிப்பட்டது என்று தெரிய அதே 2021இன் 25 நாட்களை நினைத்துப் பார்த்தால் போதும்.

ஜூலை 11. ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இத்தாலியிடம் இங்கிலாந்து பெனால்டியில் தோற்றது. உதைத்துத் தவறவிட்ட ராஷ்ஃபோர்ட், சாஞ்சோ, சாகா மூவரும் கறுப்பின இளைஞர்கள். ஜெயித்துக்கொண்டிருந்தவரை 'நம்ம பிள்ளைகள்' என்றவர்களில் பலர் அன்று ராத்திரியே நிறத்தைச் சொல்லி வசைபாடினார்கள். ஜூலை 22இல் நாம் கபிலனுக்குக் கைதட்டினோம். ஆகஸ்ட் 4. டோக்கியோ ஒலிம்பிக் பெண்கள் ஹாக்கி அரையிறுதியில் இந்தியா 1-2 என்று தோற்றது. ஹரித்வார் பக்கம் ரோஷனாபாத்தில் வந்தனா கட்டாரியாவின் வீட்டுக்கு முன்னால் ஆதிக்க சாதி ஆட்கள் பட்டாசு வெடித்து ஆடினார்கள். அணியில் தலித்துகள் அதிகமாகிவிட்டார்கள், அதனால்தான் தோல்வி என்று கூவினார்கள். நான்கு நாள் முன்பு தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்தவர் வந்தனா. ஒலிம்பிக்கில் அப்படி அடித்த முதல் இந்தியப் பெண். அந்த வருஷம்தான் அவருடைய அப்பா இறந்தார். பயிற்சி முகாமில் இருந்ததால் கடைசியாக முகம் பார்க்கவும் போகவில்லை. தோழர்களே, பட்டாசு வெடித்தவர்களும் ரசிகர்கள்தான். சொந்த நாடு தோற்றதற்குப் பட்டாசு வெடிக்கும் அளவுக்கு அவர்களுக்கு முதலில் இருப்பது சாதி, பிறகுதான் நாடு.

இதில் எனக்கொரு சங்கடமும் உண்டு. அன்று இந்தியாவை ஜெயித்தது அர்ஜென்டினா. எங்கள் வீட்டின் கொடி.

இது புதிதுமில்லை. பல்வாங்கர் பலூ பூனாவில் ஆங்கிலேயரின் ஆடுகளத்தைப் பராமரித்த தலித் தொழிலாளி. பந்து வீச்சில் அவருக்கு நிகரில்லை என்றான பிறகு இந்துக்கள் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. களத்தில் அவர் கைப்பட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, மண் குவளையில். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர், ஆனால் அணித்தலைவர் ஆகவில்லை. தம்பி விட்டல்தான் 1923இல் தலைவரானார். பலூவைக் கண்டு பெருமைப்பட்ட தலித் இளைஞர்களில் அம்பேத்கரும் ஒருவர் என்று ராமச்சந்திர குஹா எழுதியிருக்கிறார். 1937 தேர்தலில் அதே பலூ காங்கிரஸ் வேட்பாளராக அண்ணலை எதிர்த்து நின்று தோற்றார். ஆட்டக்காரரை நேசிப்பது வேறு, அவர் பின்னால் அரசியலில் போவது வேறு என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டியதில்லை.

அப்படியென்றால் நம்ம பையன்கள் ஏன் பார்க்கிறார்கள்? தெருவிலேயே கேட்டேன். தனியார் கம்பெனியில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற தம்பி ஒருவன் சொன்னான்: "அக்கா, ஸ்கூல்ல ஃபார்ம் கொடுத்தா என்ன ஆளுன்னு எழுதணும். காலேஜ்லயும் எழுதணும். வீடு பாக்கப் போனா வாய்விட்டே கேக்கிறான். அர்ஜென்டினாவா பிரேசிலான்னு கேக்கும்போதுதான் பதில நானே முடிவு பண்றேன்." எந்தக் கோட்பாட்டுப் புத்தகமும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை. பிறப்பால் ஒட்டவைக்கப்பட்ட 'நாம்' ஒன்று இருக்கிறது. தானே தேர்ந்தெடுத்துக்கொள்கிற 'நாம்' அவனுக்கு இங்கேதான் முதன்முதலாகக் கிடைக்கிறது. டீக்கடையில் பக்கத்துத் தெருக்காரனோடு சண்டை போடலாம், மறுநாள் சேர்ந்து டீ குடிக்கலாம். தோற்றால் அழலாம். ஆம்பிளை அழுவதற்கு எங்கள் தெருவில் சாவு வீட்டை விட்டால் அனுமதி உள்ள இடம் அது ஒன்றுதான்.

இந்த 'நாம்' பெண்ணுக்குக் கிடைக்கிறதா? எனக்கு மைதானம் தெரிந்தது குழாயடியிலிருந்து. குடம் நிறைகிற நேரம் எவ்வளவோ அவ்வளவு ஆட்டம். அண்ணனின் பத்தாம் நம்பர் பனியனை உள்பக்கம் வெளியே திருப்பித் துவைக்க வேண்டும், வெந்நீர் படக்கூடாது, எண் உரிந்துவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆட்டம் முடியும்வரை எனக்குத் தெரியாது. ரசிகனின் அன்றாடம் என்று பேசும்போது அவன் பனியனை யார் துவைத்தார்கள், நடுராத்திரி வந்தவனுக்கு யார் சோறு போட்டார்கள் என்பதையும் எழுத வேண்டும். இன்று எங்கள் பகுதிப் பெண் பிள்ளைகள் கோட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டார்கள். 2022 நவம்பர் 15 அன்று அவர்களில் ஒருத்தி, 17 வயதுக் கால்பந்து வீராங்கனை, முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இறந்துபோனாள். மருத்துவர்களின் கவனக்குறைவை அரசே ஒப்புக்கொண்டது. ஐந்தாம் நாள் கத்தாரில் உலகக் கோப்பை தொடங்கியது. எங்கள் தெருப் பையன்கள் மெஸ்ஸி பேனருக்குக் கீழே கறுப்புத் துணி கட்டினார்கள். போதையில் கிடப்பவர்கள் செய்கிற காரியமா அது?

2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி ஒன்பது செயற்கைப் புல் மைதானங்களைத் தனியாரிடம் கொடுக்கத் தீர்மானம் போட்டது. ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய். கணக்குப் போடுங்கள். தினம் இரண்டு மணி நேரம், மாதம் 25 நாள் என்றால் ஒரு பிள்ளைக்கு 6,000 ரூபாய். எங்கள் பெண்கள் ஒரு வீட்டில் மாதம் முழுக்கப் பாத்திரம் தேய்த்தாலும் அவ்வளவு வராது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே தீர்மானத்தைத் திரும்பப் பெற்றார்கள். என்னைத் தேடி வந்து விஷயத்தைச் சொன்னது கட்சிக்காரர்களோ நம் இலக்கிய நண்பர்களோ அல்ல. கத்துகிற பையன்கள்தான். "அக்கா, ஒரு மனு எழுதிக் கொடு, தமிழ் படிச்சவதானே நீ" என்று வந்து நின்றார்கள். எழுதிக் கொடுத்தேன். என் எம்.ஏ. பட்டம் தெருவுக்குப் பயன்பட்ட நாட்களில் அதுவும் ஒன்று.

ஆகவே தோழருக்கு: மரடோனாவைக் கழற்றப்போவதில்லை. அவர் போதைக்கு அடிமையாகிக் கிடந்ததும் எனக்குத் தெரியும். அண்ணலைப் போல அவர் வழிகாட்டியும் இல்லை. அப்பா தானாகத் தேர்ந்தெடுத்த சொந்தக்காரர், அவ்வளவுதான். ஆனால் உங்கள் கேள்விக்குப் பிறகு சுவரில் இன்னொரு ஆணி அடித்தேன். 320 சர்வதேச ஆட்டங்கள் ஆடிவிட்டு 2025 ஏப்ரலில் ஓய்வு பெற்றார் வந்தனா. அப்போது பேப்பரில் வந்த படத்தை வெட்டி, சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன்.

அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தது. "இது யாருடி, நம்ம சனமா?"

"நம்மாளுதாம்மா."

"இவளையாவது உள்ள வுட்டாங்களா?" என்றது.

உள்ளே விட்ட கதையையும், வீட்டு வாசலில் பட்டாசு வெடித்த கதையையும் சேர்த்துச் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசாமல் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு உலை வைக்கப் போனது.