ஸ்டேஷன் ரைட்டர் எழுதிய புத்தகம்

நாவலாசிரியன் ஒருவனிடம் மதிப்புரைக்கு வரும் புத்தகங்கள் பெரும்பாலும் நாவல்களாகவே இருக்கும். இம்முறை நான் எடுத்துக்கொண்டிருப்பது நாவல் அல்ல. கதை என்று எதுவும் அதில் கிடையாது. பக்கத்துக்குப் பக்கம் கட்டங்கள், கட்டங்களுக்குள் எண்கள். 'கிரைம் இன் இந்தியா' என்று பெயர். 1953-ஆம் ஆண்டுக் குற்றங்களில் ஆரம்பித்துத் தொகுத்து வருகிறார்கள். 1986-இல் ஏற்பட்ட தேசிய குற்ற ஆவணக் காப்பகம் இப்போது அதை வெளியிடுகிறது. இதைப் போய் விமர்சனம் செய்வதா என்று வாசகர்கள் சிரிக்கலாம். ஆனால் குடும்பத்துக்குள் நடக்கும் அடி உதையைப் பற்றியும், பெண்களுக்கு நேரும் பலாத்காரங்களைப் பற்றியும் பத்திரிகைகளிலும் மேடைகளிலும் நாம் கேட்கும் எண்கள் பெரும்பாலும் இதிலிருந்து எடுத்தவைதாம். குற்றவாளி இப்படிப்பட்டவன் என்று நாம் மனத்தில் வரைந்துகொள்ளும் சித்திரத்துக்கும் இதுவே ஆதாரம். இவ்வளவு செல்வாக்குள்ள ஒரு புத்தகத்தை மேற்கோள் காட்டிக்கொண்டே இருக்கிறோமே தவிர, விமர்சனம் செய்வதில்லை. அது சரியல்ல என்பது என் அபிப்பிராயம்.

எந்தப் புத்தகத்தைப் பற்றியும் முதலில் கேட்க வேண்டியது, எழுதியவர் யார் என்பதுதான். அட்டையில் காப்பகத்தின் பெயர் இருக்கிறது. ஆனால் காப்பகம் தொகுக்கிறது, எழுதுவதில்லை. நம் ஊர்ப் போலீஸ் ஸ்டேஷனில் மேஜைக்குப் பின்னால் ஒரு காவலர் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பார். அவரை 'ரைட்டர்' என்றே அழைக்கிறோம். நாடெங்கும் உள்ள அவரைப் போன்றவர்கள்தாம் இதன் ஆசிரியர்கள். புகார் சொல்ல வந்தவர் பேச்சு, அதிகாரியின் உத்தரவின்பேரில், இன்ன சட்டப் பிரிவு என்று முதல் தகவல் அறிக்கையாக எழுதப்பட்டால், அது மாவட்டத்துக்கும், அங்கிருந்து மாநிலத்துக்கும், முடிவில் டில்லிக்கும் எண்ணாகப் போய்ச் சேரும். எழுதப்படாவிட்டால், நடந்தது நடந்ததுதான். ஆனால் எண் கிடையாது.

எழுதாமல் விடுவதற்கும் ஒழுங்கான ஒரு வழி உண்டு. தமிழ்நாட்டில் 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் ஏற்பட்டது. பிறகு ஊருக்கு ஊர் வந்துவிட்டது. அடிபட்ட மனைவி அங்கே போனால் அநேகமாக முதலில் மனுவாகத்தான் வாங்கிக்கொள்வார்கள், சி.எஸ்.ஆர். என்ற ரசீது கொடுப்பார்கள். கணவனை வரவழைத்துப் பேசுவார்கள். குடும்பத் தகராறுகளில் வழக்குப் பதியுமுன் இப்படி விசாரிக்கலாம் என்று 2013-இல் சுப்ரீம் கோர்ட்டும் அனுமதித்திருக்கிறது. இதில் கெடுதலே என்று சொல்ல மாட்டேன். பல பெண்களுக்கு வேண்டியது கணவனை ஜெயிலுக்கு அனுப்புவதல்ல. அடி நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் சமாதானத்தில் முடிந்த மனு டில்லிக்குப் போகும் கணக்கில் வழக்காக ஏறாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தொகுப்பாசிரியரின் கத்தரியும் ஒன்று இருக்கிறது. ஒரே அறிக்கையில் பல குற்றங்கள் இருந்தால் அவற்றில் மிகக் கடுமையானதை மட்டுமே எண்ணுவது இந்தப் புத்தகத்தின் விதி. பத்து வருஷம் மனைவியை அடித்தவன் கடைசியில் அவளைக் கொன்றால், கொலைக் கட்டத்தில் ஓர் எண் கூடும். அந்தப் பத்து வருஷத்துக்கு இடமில்லை. பலாத்காரம் செய்து கொன்றவனும் வெகு காலம் கொலைக் கணக்கிலேயே மறைந்திருந்தான். 2017-ஆம் ஆண்டுத் தொகுதியில்தான் அவனுக்கென்று தனிக் கட்டம் வந்தது. எண்ணிக்கைக்கு இப்படி ஒரு விதி வேண்டியதுதான். ஆனால் விதியை அறியாமல் எண்ணைப் படிப்பது, கதையில் எந்த அத்தியாயங்களை வெட்டினார்கள் என்று தெரியாமல் கதாநாயகனை எடை போடுவது போலத்தான்.

இத்தனை குறை சொன்னாலும், ஒரு விஷயத்தில் இந்தப் புத்தகத்துக்கு முன்னால் எங்களைப் போன்ற கதாசிரியர்கள் தலைகுனிய வேண்டும். எங்கள் கதைகளில் வில்லன் எங்கிருந்து வருகிறான்? இருட்டுச் சந்திலிருந்து, பாழடைந்த பங்களாவிலிருந்து. முகம் தெரியாத முரடன் அவன். 2019-ஆம் ஆண்டுத் தொகுதியைப் பாருங்கள். பதிவான பலாத்கார வழக்குகள் 32,033. அவற்றில் 30,165 வழக்குகளில், அதாவது நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கில், குற்றம் சாட்டப்பட்டவன் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவன். குடும்பத்தான், அண்டை வீட்டான், வேலை கொடுத்தவன், சிநேகிதன், பிரிந்து வாழும் கணவன் என்று பட்டியல் போகிறது. இதைப் படித்த அன்று, நான் எழுதிய இரண்டு நாவல்களின் வில்லன்களை எண்ணி எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆனாலும் இங்கேயும் ஜாக்கிரதை வேண்டும். கல்யாணம் செய்துகொள்வதாக ஆசை காட்டி ஏமாற்றினான் என்ற புகார்களும் இதே கட்டத்துக்குள் இருக்கின்றன. மேலும், முகம் தெரிந்தவன்மேல் வழக்குப் போடுவது போலீஸாருக்கு எளிது. பெயர் இருக்கிறது, விலாசம் இருக்கிறது. தெரிந்தவனே அதிகம் என்று சொல்வதில் தவறில்லை. மிச்சமுள்ள ஆறு பேர்தான் உலகத்திலுள்ள அந்நியர்கள் அத்தனை பேரும் என்று சொல்லத்தான் நமக்கு உரிமை இல்லை.

எண் ஏறுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2012-இல் 24,923 பலாத்கார வழக்குகள், 2013-இல் 33,707. ஒரே வருஷத்தில் ஆண்கள் இவ்வளவு கெட்டுவிட்டார்களா? இல்லை. 2012 டிசம்பரில் டில்லியில் ஓடும் பஸ்ஸில் நடந்த கொடுமைக்குப் பிறகு நாடே கொதித்தது. 2013-இல் சட்டம் திருத்தப்பட்டது. பலாத்காரம் என்பதன் இலக்கணம் விரிந்தது. புகாரை எழுதாத அதிகாரிக்கே தண்டனை என்று ஒரு பிரிவு வந்தது. வாய் திறந்தவர்கள் அதிகமானார்கள். எழுதிய பேனாக்களும் அதிகமாயின. குற்றம் கூடுவது வேறு, பதிவு கூடுவது வேறு என்று காப்பகமே தன் புத்தகத்தில் எச்சரிக்கிறது. அந்தப் பக்கத்தை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

இனி, குடும்பத்துக்குள் வருவோம். கணவனும் அவன் உறவினரும் மனைவிக்குச் செய்யும் கொடுமையைக் குற்றமாக்கியது 1983-இல் வந்த 498-ஏ பிரிவு. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 85-ஆவது பிரிவு. 2022-இல் பெண்களுக்கு எதிரான குற்றங்களாகப் பதிவான 4,45,256 வழக்குகளில் 1,40,019 இந்த இனத்தைச் சேர்ந்தவை. எல்லாவற்றிலும் பெரிய பங்கு இதுதான்.

இந்த எண்கள் கோர்ட்டு வரைக்கும் போயிருக்கின்றன. 2014-இல் சுப்ரீம் கோர்ட்டு, 498-ஏ வழக்குகளில் கண்ணை மூடிக்கொண்டு கைது செய்யக் கூடாது என்று தீர்ப்பளித்தபோது, 2012-ஆம் ஆண்டுத் தொகுதியையே எடுத்துக்காட்டியது. கைதானவர்கள் 1,97,762 பேர். அவர்களில் 47,951 பேர் பெண்கள். நூற்றுக்கு 93.6 வழக்குகளில் குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. தண்டனையோ நூற்றுக்குப் பதினைந்தில்தான்.

மாமியாரும் நாத்தனாருமாகக் கால் பங்குப் பேர் பெண்கள் என்பது யோசிக்க வைக்கும் எண்தான். வீட்டிலுள்ள அத்தனை பேரையும் ஒரு பெயர் விடாமல் சேர்த்தெழுதும் பேனாவும் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. கைதுக்கு நிதானம் வேண்டும் என்பதும் நியாயம். ஆனால் அந்தப் பதினைந்தைக் காட்டி, மற்ற எண்பத்தைந்தும் பொய் வழக்கு என்று பேசுகிறவர்களோடு நான் உடன்பட முடியாது. தண்டனை விகிதம் என்பது அந்த வருஷம் விசாரணை முடிந்த வழக்குகளின் கணக்கு. வருஷக்கணக்காக இழுபட்டு, இடையில் பெரியவர்கள் கூடிப் பேசி, நகையைத் திருப்பிக் கொடுத்து, பெண் கூண்டில் ஏறி, 'எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை' என்று சொன்னால் அதுவும் விடுதலைதான். நடக்கவே இல்லை என்பதும் விடுதலை. இரண்டுக்கும் ஒரே கட்டம்.

புத்தகத்தில் இல்லாதவர்கள் எங்கே என்று தேடினால் வேறொரு கணக்கில் அகப்படுகிறார்கள். 2019-21-இல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வில் வீடு வீடாகப் போய்ப் பெண்களையே தனியாக உட்காரவைத்துக் கேட்டார்கள். மணமான பெண்களில் நூற்றுக்கு இருபத்தொன்பது பேர், கணவன் அடித்ததாகவோ பலவந்தம் செய்ததாகவோ சொன்னார்கள். நம் தமிழ்நாட்டில் முப்பத்தெட்டுப் பேர். கொடுமைக்கு ஆளான பெண்களில் யாரிடமாவது உதவி தேடியவர்கள் நூற்றுக்குப் பதினாலு பேர்தான். எழுபத்தேழு பேர் எவரிடமும் வாயே திறக்கவில்லை. போலீஸ் பதிவேட்டின் குற்றவாளி யார் என்றால், இந்த மௌனத்தைத் தாண்டி வந்தவன், அவ்வளவுதான்.

கணவனின் பலவந்தத்துக்கோ பலாத்காரக் கட்டத்தில் இடமே கிடையாது. பதினெட்டு வயதான, தன்னோடு வாழும் மனைவியிடம் கணவன் செய்வது பலாத்காரம் ஆகாது என்று பழைய சட்டம் விலக்கு வைத்தது. புதிய சட்டமும் வைத்திருக்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, சொல்லாமல் விட்டால் மனசாட்சி உறுத்தும் ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் நான் குடியிருந்த ஸ்டோரில் அடுத்த போர்ஷனில் ஒரு தம்பதி இருந்தார்கள். நடுவில் ஒற்றைச் சுவர். சத்தம் கேட்கும். நானும் என் மனைவியும் ரேடியோவைக் கொஞ்சம் உரக்க வைப்போம். ஒரு நாள் காலை அந்தப் பெண் வாசற்படியில் வந்து நின்றாள்.

"அண்ணா, நீங்க கதையெல்லாம் எழுதறவங்க. எனக்கு ஒரு மனு எழுதித் தாங்க."

உட்காரச் சொல்லி எழுதினேன். அடி, சூடு எல்லாம் சொன்னாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, ராத்திரியில் நடப்பது ஒன்றைப் பாதி சொல்லி நிறுத்தினாள். "அதையும் எழுதணுமா அண்ணா?" என்று கேட்டாள். நான் யோசித்துவிட்டு, 'மன உளைச்சல் தருகிறார்' என்று எழுதினேன். கௌரவமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். வாக்கியம்கூட அழகாக அமைந்துவிட்டதாக ஞாபகம்.

ஸ்டேஷனில் இரண்டு தடவை கூப்பிட்டுப் பேசினார்கள். இனி ஒழுங்காக நடந்துகொள்வதாக அவனிடம் எழுதி வாங்கினார்கள். மனு முடிந்தது. ஆறு மாதத்தில் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். அந்த வருஷத்துத் தொகுதி வந்தபோது அதைப் புரட்டினேன். எந்தக் கட்டத்திலும் அவன் இல்லை. ரைட்டர் அவனை விட்டுவிட்டார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்கு முன்னாலேயே இன்னொரு ரைட்டர் அவனை விட்டிருந்தான்.

ஆகவே இந்தப் புத்தகத்தைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. நம்மிடம் இருக்கும் பெரிய ஆவணம் இதுதான், படிக்க வேண்டும். இத்தனை குற்றங்கள் நடந்தன என்று படிக்காமல், இத்தனை எழுதப்பட்டன என்று படித்தால் போதும். இன்னொரு பெண் என் வாசற்படியில் வந்து நின்றால், அவள் சொல்கிறபடியே எழுதிக் கொடுப்பேன். வாக்கியம் அழகாக இருக்காது. பரவாயில்லை.