குழியானையும் 328ஆம் எண்ணும்

ஞாயிறு திருப்பலி முடிந்து மறைக்கல்வி வகுப்பு தொடங்குவதற்கு முன் கால்மணி நேர இடைவெளி உண்டு. ஆறாம் வகுப்பில் பயிலும் சிறுவன் ஒருவன் அந்த நேரத்தில் என்னிடம் வந்து நிற்பது வழக்கம். "சார், இன்னிக்கு ஒரு தகவல்" என்று தொடங்குவான். நாளுக்கொன்றாக அவன் சேர்த்து வைத்த ஏழு துணுக்குகளையும் வகுப்பு மணி அடிப்பதற்குள் ஒப்புவித்துவிடுவான். ஏழும் போக்கிமான் பற்றியவையே. பிகாச்சுவின் எண் 25. முதன்முதலில் வரையப்பட்ட உயிரி ரைடான். எகன்ஸ் என்னும் பாம்பின் பெயரை ஆங்கிலத்தில் எழுதிப் பின்னிருந்து படித்தால் பாம்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே கிடைக்கும். இப்படிப் போகும் அவனது பட்டியல்.

ஒரு படைப்பு இவ்வாறு துணுக்குகளாக உதிர்ந்து சிறுவர் நாவில் வாழும்போது அப்படைப்புக்கு என்ன நேர்கிறது? அதைச் சுமக்கும் சிறுவனுக்கு என்ன நேர்கிறது? இவ்விரு கேள்விகளையும் கரிசல் மண்ணில் நின்று எழுப்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் படைப்பைப் பற்றிச் சில செய்திகள். 1996 பிப்ரவரி 27ஆம் நாள் ஜப்பானில் சிவப்பு, பச்சை என்னும் இரு பதிப்புகளாக வெளிவந்த கையடக்க விளையாட்டே போக்கிமான். ஊர் ஊராகச் சென்று விந்தை உயிரிகளைப் பிடிப்பதும் பழக்குவதும் மோதவிடுவதும் அதன் போக்கு. அதை உருவாக்கிய சத்தோஷி தஜிரி 1965இல் பிறந்தவர். தோக்கியோவை ஒட்டிய மச்சிதாவில் வயலும் குட்டையுமாக இருந்த நிலத்தில் பூச்சி பிடித்துத் திரிந்தவர். அந்நிலம் அவர் கண்ணெதிரிலேயே அடுக்குமாடிக் கட்டடங்களாயிற்று. இழந்துபோன அந்த இன்பத்தைப் பிற்காலச் சிறுவர்க்கு மீட்டுக் கொடுப்பதே தம் விருப்பம் என்று அவர் கூறியிருக்கிறார். அவர் நிறுவனமும் 1983இல் கையால் எழுதிப் படியெடுத்த சிற்றிதழாகத்தான் பிறந்தது. விளையாட்டைத் தொடர்ந்து 1997 ஏப்ரலில் அசைபடத் தொடர் வந்தது. 2003இல் அது இந்தியத் தொலைக்காட்சியை எட்டிப் பின்னாளில் தமிழ்க் குரலும் பெற்றது.

நம் பெற்றோரிடையே இத்தொடர் குறித்து ஓர் அச்சம் உண்டு. ஆங்கிலப் பெயரிலேயே அரக்கர் என்ற சொல் ஒளிந்திருப்பதால் இது தீய ஆவிகளின் விளையாட்டோ என வினவுவோர் உளர். 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் இத்தாலிய ஆயர் பேரவையைச் சார்ந்த தொலைக்காட்சி இதைக் கண்டிக்க மறுத்து, இதன் கற்பனை வளத்தையும் நட்புணர்வையும் பாராட்டியதை அவர்களுக்கு நினைவூட்டலாம். உண்மையான தீங்கு வேறு வழியில் நேர்ந்தது. 1997 டிசம்பர் 16ஆம் நாள் ஒளிபரப்பான ஓர் அத்தியாயத்தில் சிவப்பும் நீலமும் மின்னலாய் மாறி மாறி ஒளிர்ந்ததால் ஜப்பானில் அறுநூறுக்கும் மேற்பட்ட சிறார் வலிப்பு முதலிய துன்பங்களுடன் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். நான்கு மாதம் தொடர் நிறுத்தப்பட்டது. தொலைக்காட்சியை எட்டி அமர்ந்து பார்க்கச் சொல்வதற்கு இந்தச் சான்று போதும். பேய்க்கு அஞ்சத் தேவையில்லை.

என் குறை அதுவன்று. துணுக்கு என்னும் வடிவத்தைப் பற்றியதே. ஒரு சான்று காட்டுகிறேன். 104ஆம் எண்ணுள்ள கியூபோன் என்னும் உயிரி, இறந்துபோன தன் தாயின் மண்டையோட்டைத் தலையில் அணிந்திருக்கும். துணுக்கு இவ்வளவோடு முடிகிறது, கேட்டவன் "அப்படியா!" என்று வியந்துவிட்டு அடுத்ததற்குப் போகிறான். ஆனால் மூல விளையாட்டில் இது ஒரு நிகழ்ச்சியின் பகுதி. லாவெண்டர் என்னும் ஊரில் இறந்த உயிரிகளுக்கென்று ஒரு கோபுரம் இருக்கிறது. அதன் மாடிப்படியில் ஓர் ஆவி வழியை மறிக்கிறது. அது யாரென அறியாதவரை அதனுடன் போரிடவும் இயலாது. அறிந்த பின்னரே, கயவரிடம் உயிரிழந்த தாய் அது என்பது விளங்குகிறது. அதற்கு அமைதி கிடைத்த பிறகுதான் வழி திறக்கிறது. தாயற்ற குட்டியை ஒரு முதியவர் வளர்க்கிறார். மற்றெல்லா இடத்திலும் தோற்ற உயிரிகள் மயங்கி விழுந்து பின் எழுந்துவிடும் இந்த விளையாட்டு, சாவு என்பது மெய் என்று சிறுவனிடம் மெல்லச் சொல்லும் இடம் இது. துணுக்கு மண்டையோட்டை எடுத்துக்கொண்டு தாயை விட்டுவிடுகிறது.

பட்டியலிடுவதையே பழிக்கிறேன் என்று கொள்ளவேண்டா. தமிழர் நிகண்டு பாடிய இனத்தார். கோவில்பட்டியை அடுத்த காமநாயக்கன்பட்டியில் மறைப்பணியாற்றிய வீரமாமுனிவர் 1732இல் முடித்த சதுரகராதியின் நான்கு பகுதிகளுள் ஒன்று தொகையகராதி. எண்ணிக்கையால் தொகுத்து வழங்கும் பொருள்களுக்கென்றே அவர் ஒரு பகுதியை ஒதுக்கினார். இதே கரிசலின் இடைசெவல் ஊரில் பிறந்த கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டார வழக்கு அகராதியை வெளியிட்டார். உழவன் வாயிலும் கிழவி வாயிலும் கிடந்த சொற்களை அவற்றின் புழக்கத்தோடு தொகுத்த நூல் அது. நாளுக்கொரு செய்தி என்ற வடிவமும் நமக்குப் புதிதன்று. 2009இல் மறைந்த தென்கச்சி கோ. சுவாமிநாதன் வானொலியில் வழங்கிய 'இன்று ஒரு தகவல்' எத்தனையோ வீடுகளில் காலை உணவோடு சேர்ந்தே பரிமாறப்பட்டது. அவர் தகவலைச் சொல்வார்; உடனே அதை ஒரு கதையில் இறக்குவார்; இறுதியில் கேட்பவனே தன்னைப் பார்த்துச் சிரித்துக்கொள்ளும்படி முடிப்பார். தகவல் அவரிடம் ஒரு வாசற்படியாக இருந்தது. இன்றைய துணுக்கிலோ வாசற்படி மட்டுமே உண்டு. அதற்கப்பால் வீடு இல்லை.

2002ஆம் ஆண்டு 'சயின்ஸ்' இதழில் பிரித்தானிய ஆய்வாளர் சிலர் ஒரு குறிப்பு வெளியிட்டனர். 109 பள்ளிச் சிறாரிடம் அந்நாட்டு உயிரினங்களின் படங்களையும் போக்கிமான் படங்களையும் காட்டிப் பெயர் கேட்டார்கள். நான்கு வயதில் இயற்கை உயிர்களில் 32 விழுக்காட்டையும் போக்கிமானில் 7 விழுக்காட்டையும் இனங்கண்ட பிள்ளைகள், எட்டு வயதில் முன்னதில் 53ஐயும் பின்னதில் 78ஐயும் எட்டினர். பிள்ளைகளின் கற்கும் ஆற்றலில் குறையில்லை, நாம் எதை அவர்கள் முன் வைக்கிறோம் என்பதில்தான் குறை என்பதே இதன் பொருள்.

இதைப் படித்த நாளில் எனக்குள் ஒரு பெருமிதம் தலைதூக்கியது. எங்கள் இளமையில் கார்த்திகை மழை நின்றதும் கரிசல் வெளியில் செந்நிறத் தம்பலப்பூச்சிகளைப் பொறுக்குவோம். பொன்வண்டைப் பிடித்துத் தீப்பெட்டிக்குள் இலை போட்டு வளர்ப்போம். பெட்டிக்குள் உயிரியை அடைத்துப் பையில் போட்டுக்கொண்டு திரிவது ஜப்பானியர் கண்டுபிடித்த புதுமையா என்ன? தீப்பெட்டிப் படங்களைச் சேர்ப்பதும், இரட்டை வந்தால் மாற்றிக்கொள்வதும் கோவில்பட்டிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியவையா?

அப்பெருமிதம் நெடுநேரம் நிலைக்கவில்லை. அந்தப் பெட்டிகளை ஒட்டியவையும் சிறுவர் விரல்களே. விடியுமுன் வண்டியேறித் தீப்பெட்டி ஆலைக்குப் போன என் வயதுப் பிள்ளைகளுக்குப் பொன்வண்டு பிடிக்க நேரம் இருந்ததில்லை. சிவகாசிச் சிறார் உழைப்பு குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது 1996 டிசம்பர் 10ஆம் நாள். போக்கிமான் பிறந்த அதே ஆண்டு. இன்று ஒரு கரிசல் வீட்டுப் பையன் கவலையின்றி 25, 104 என்று எண்களை அடுக்குகிறான் என்றால், அவன் விரல்கள் பசையிலிருந்து விடுபட்டன என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. என் பொன்வண்டும் பெரும்பாலும் மூன்றாம் நாள் செத்துத்தான் கிடக்கும். ஆகவே பழமையைக் காட்டி இவர்களைக் கண்டிக்கும் தகுதி நமக்குக் குறைவே.

இந்த மனநிலையில் இருந்தபோதுதான் ஒரு ஞாயிறு அச்சிறுவனைச் சற்றுச் சோதித்தேன். ஆலயத்தின் பக்கச் சுவரோரம் மழைபடாத புழுதியில் சிறுசிறு கூம்புக் குழிகள் இருந்தன. "இது என்ன தெரியுமா?" என்று கேட்டேன். தெரியாது என்பான், நான் விளக்குவேன் என்ற எண்ணம். அவன் குனிந்து பார்த்தான்.

"குழியான சார். எங்க ஆச்சி வீட்லயும் இருக்கு. டிராப்பிஞ்ச்சும் இதேதான், நம்பர் 328. இது வளந்தா றெக்க மொளைக்கும், தெரியுமா?"

எனக்குத் தெரியாது. அறுபது ஆண்டுகளாகக் குழியானையைப் பார்த்திருக்கிறேன். ஊதியிருக்கிறேன், உள்ளங்கையில் விட்டுப் பின்னோக்கி நடப்பதைக் கண்டு சிரித்திருக்கிறேன். அது ஒரு பூச்சியின் இளமைப் பருவம் என்றோ, பின்னர் கூட்டுப்புழுவாகித் தட்டானைப் போன்ற மெல்லிய சிறகுகளுடன் வெளிவந்து இரவில் விளக்கொளியைத் தேடி வரும் என்றோ ஒருபோதும் எண்ணியதில்லை. 2002இல் வெளிவந்த விளையாட்டுப் பதிப்பில் டிராப்பிஞ்ச் முதலில் மணற்குழியில் காத்திருக்கும். 35ஆம் நிலையில் சிறகு பெறும், 45ஆம் நிலையில் வானில் பறக்கும். உருவம் மிகைப்பட்டது, உண்மை மெய்யானது. வீடு திரும்பி விளக்கடியில் காத்திருந்து, தட்டான் என்று இதுகாறும் நான் கருதியவற்றுள் ஒன்றை உற்றுப் பார்த்தேன். தட்டானுக்கு உணர்கொம்பு கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறியது. இதற்கோ முனை தடித்த நீண்ட கொம்புகள் இருந்தன. சிறுவன் சொன்னது சரி.

அன்று நான் கற்றது இது. துணுக்கு என்பதால் மட்டும் ஒன்று இழிந்ததாகிவிடாது. 25 என்ற எண் அந்த எண்ணிலேயே முடிந்துவிடுகிறது. 328 என்ற எண்ணோ சுவரோரப் புழுதிக்கு நம்மைக் குனிய வைத்தது. பிள்ளை கொண்டுவரும் தகவலைப் புறந்தள்ளாமல், "அதற்குப் பிறகு என்ன? அது எங்கே இருக்கிறது?" என்று கேட்கும் பெரியவர் ஒருவர் அருகிலிருந்தால் பாதித் துணுக்குகளுக்காவது வீடு கிடைத்துவிடும். தஜிரி தம் மச்சிதா வயலிலிருந்து எடுத்துப்போன பூச்சி, இவ்வாறுதான் மறுபடி மண்ணுக்குத் திரும்ப முடியும்.

படைப்பைப் பற்றி இன்னுமொன்று கூறி முடிக்கிறேன். 151 உயிரிகளுடன் தொடங்கிய தொகை இன்று ஆயிரத்தைக் கடந்துவிட்டது. எல்லாவற்றையும் பிடித்தாக வேண்டும் என்று ஆங்கில விளம்பரம் தூண்டியது. பிடித்து முடியாதபடி பட்டியலும் நீண்டுகொண்டே போகிறது. இது வணிகம். ஆனால் முதல் விளையாட்டின் அமைப்பிலேயே இவ்வணிகத்துக்கு மறுப்பும் இருக்கிறது. சிவப்பில் கிடைக்கும் எகன்ஸ் பச்சையில் கிடைக்காது. பச்சையில் கிடைக்கும் சாண்ட்ஷ்ரூ சிவப்பில் கிடைக்காது. எவ்வளவு திறமையுள்ளவனும் தனித்து நின்று தொகையை நிறைவு செய்ய இயலாது. இரு கருவிகளைக் கம்பியால் இணைத்து நண்பனிடம் ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பெற வேண்டும். கடாப்ரா, மச்சோக், கிராவ்லர், ஹான்டர் என்னும் நான்கு உயிரிகளோ எத்தனை போரில் வென்றாலும் முழு வளர்ச்சி பெறுவதில்லை. வேறொருவர் கையில் கொடுக்கப்படும்போதுதான் அவை இறுதி உருவை அடைகின்றன.

இச்செய்தியையும் அச்சிறுவனே எனக்குச் சொன்னான். அவனுக்கு அது மற்றோர் எண், மற்றோர் விதி. "ஏன் அப்படி வைத்திருப்பார்கள்?" என்று கேட்டேன். சற்று நேரம் யோசித்தான். வகுப்பு மணி அடித்தது. "அடுத்த வாரம் சொல்றேன் சார்" என்று ஓடிவிட்டான். அவன் விடைக்காகக் காத்திருக்கிறேன். அதற்கிடையில் சுவரோரக் குழிகளைக் கூட்டிவிட வேண்டாம் என்று ஆலயத்தைத் துப்புரவு செய்யும் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.