வின்செஸ்டர் 94: மானுக்குத் தெரியாத வித்தியாசம்

அமெரிக்காவில் பழைய துப்பாக்கி விற்பவர்களின் விளம்பரங்களில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும்: ‘ப்ரீ-64’. 1964க்கு முன்னால் செய்தது என்று அர்த்தம். அதே கம்பெனி, அதே மாடல், பார்க்கவும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். ஆனா இந்தச் சொல் ஒட்டிக்கிட்டா விலை ஏறிடும். ஏன் என்று கொஞ்சம் நோண்டினேன்.

மாடல் 94 ஜான் பிரவுனிங் வடிவமைத்த லீவர் துப்பாக்கி. விசையைச் சுற்றியுள்ள வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் காலி தோட்டா மேல்பக்கமாக எகிறும், அடுத்தது உள்ளே போகும். அதன் பாகங்கள் எஃகுக் கட்டியிலிருந்து கடைந்து எடுத்தவை. அதற்குத் தேர்ந்த கை வேண்டும், நேரமும் வேண்டும். கூலி ஏற ஏற அது கட்டுப்படியாகலை. 1964ல் வின்செஸ்டர் தன் வரிசையையே மலிவான முறைக்கு மாற்றியது. 94ன் ரிசீவரின் உலோகமும் மாறிப்போச்சு. தோட்டாவைத் தூக்கித் தரும் பாகம் வெறும் தகடு. கெட்டியான ஊசிகளுக்குப் பதில் சுருட்டிய குழல் ஊசி.

சுடுமா? சுடும். மானுக்கு வித்தியாசம் தெரியாது. அதனால ‘குப்பை’ என்று திட்டுபவர்களோடு நான் முழுசா ஒத்துப்போகலை. கம்பெனி கோட்டை விட்டது வேற இடத்துல. புது ரிசீவர் வழக்கமான நீலக் கருமையைச் சரியாகப் பிடிக்கலை. வேறு பூச்சு போட்டுத்தான் கருப்பாக்கினார்கள். அது தேய்ந்து, மறுபடி மெருகேற்றப் போனால் நிறம் ஒத்துவராது. தாத்தா பேரனுக்குக் கொடுத்துவிட்டுப் போகிற சாமான் இது. தேய்மானத்தையும் அழகாகக் காட்ட வேண்டிய பொருளை, கடை அலமாரிக்கு மட்டும் செய்தார்கள்.

பிறகு வந்த எல்லா மாற்றத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது. 1980களின் தொடக்கத்தில் காலி தோட்டாவைச் சாய்வாக வெளியே தள்ள வைத்தது நல்ல வேலை. அதற்குப் பிறகுதான் மேலே ஸ்கோப் வைக்க முடிந்தது. போட்டியாளரான மார்லினிடம் அந்த வசதி எப்போதோ இருந்தது! 1990களில் ரிசீவருக்குக் குறுக்கே செருகிய பாதுகாப்புப் பொத்தான்தான் எனக்குச் சகிக்கலை. வக்கீலுக்குப் பயந்து வைத்த மாதிரி ஒரு பொத்தான். பின்னால் அதைக் கட்டைவிரல் படும் இடத்துக்கு மாற்றினார்கள்; கண்ணுக்காவது உறுத்தலை.

2006ல் நியூ ஹேவன் ஆலை மூடப்பட்டது. 2010ல் 94 திரும்ப வந்தது, ஜப்பானில் மிரோக்கு செய்து கொடுக்க. வேலைப்பாடு சுத்தம் என்று பழைய ரசிகர்களே ஒத்துக்கிறாங்க. விலையும் அப்படித்தான்: 1964ல் மிச்சம் பிடிக்கப் பார்த்த கடைசல் கூலியை இப்போ வாங்குறவர் கொடுக்கிறார்.