எண்ணிம ஊடகமும் ஈழத்து இலக்கியச் சமூகமும்: ஒரு விமரிசன நோக்கு

தொடர்புச் சாதனம் ஒன்று புதிதாகத் தோன்றும்போது அதனை வரவேற்போரும் வெறுப்போரும் ஒருங்கே தோன்றுதல் இயல்பு. எண்ணிம ஊடகம் பற்றி நம்மிடையே நிகழும் உரையாடல்கள் பெரும்பாலும் இவ்விரு எல்லைகளுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. எழுத்துலகம் சனநாயகமயப்பட்டுவிட்டது என்பர் ஒரு சாரார். தரம் தாழ்ந்து இலக்கியம் மலிந்துவிட்டது என்பர் மறு சாரார். இரு சாராரும் கருவியை நோக்குகின்றனரேயன்றி அதன் பின்னாலுள்ள சமூக உறவுகளை நோக்குவதில்லை. சாதனம் யாருடைய உடைமை? அதிற் பேசும் வாய்ப்பு யாருக்குக் கிட்டுகின்றது? பேசப்பட்டவற்றுள் எதனை யாருக்குக் காட்டுவது என்று தீர்மானிப்பவர் யார்? பேசப்பட்டது எவ்வளவு காலம் நிலைக்கும்? இந்நான்கு வினாக்களையும் ஈழத்துத் தமிழ் இலக்கியச் சமூகத்தின் அனுபவத்தை ஆதாரமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அச்சுச் சாதனத்தின் வரலாறு இங்கு நமக்கு வழிகாட்டும். ஆறுமுக நாவலர் 1849 இல் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவினார். சுவடிகளுள் அடங்கிக் கிடந்த நூல்கள் அச்சினாற் பரவலாயின. எனினும் அச்சு எல்லோருக்கும் ஒரே வேளையில் உரியதாகிவிடவில்லை. யார் கற்கலாம், யார் எழுதலாம் என்பவற்றைச் சாதியமைப்பும் கல்வி வாய்ப்பும் நெடுங்காலம் வரையறுத்தன. யாழ்ப்பாண நகரில் சிகையலங்கார நிலையமொன்றில் தொழில் புரிந்த டொமினிக் ஜீவா 'மல்லிகை' இதழைத் தொடங்கியது 1966 இலேயாகும். நாவலரின் அச்சுக்கூடத்துக்கும் 'மல்லிகை'யின் முதலாவது இதழுக்கும் இடைப்பட்ட காலம் 117 ஆண்டுகள். சாதனம் ஒரு சமூகத்தை வந்தடைதல் வேறு; அது அச்சமூகத்தில் ஒடுக்கப்பட்டோரின் கைகளை வந்தடைதல் வேறு. முன்னது இயந்திரத்தால் நிகழ்ந்தது. பின்னதற்கு இலவசக் கல்வியும், தாய்மொழி மூலக் கல்வியும், முற்போக்கு இலக்கிய இயக்கமும், சாதியொழிப்புப் போராட்டங்களும் வேண்டியிருந்தன. எண்ணிம ஊடகத்தை மதிப்பிடும்போதும் இவ்வேறுபாட்டை நாம் மறத்தலாகாது.

சாதனம் நடுநிலையானது என்ற கருத்து எத்துணைப் பொருந்தாதது என்பதற்கு நமது எழுத்தின் கதையே சான்றாகும். யூனிக்கோட் நியமத்தின் முதலாவது பதிப்பிலேயே, 1991 இல், தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆயினும் அது பரவலாக வழக்கிற்கு வரும்வரை ஒவ்வொரு பத்திரிகையும் ஒவ்வோர் எழுத்துருவைக் கையாண்டது. ஒன்றில் எழுதியது மற்றொன்றிற் பொருளற்ற குறிகளாகத் தோன்றிற்று. கையடக்கத் தொலைபேசியின் நிலை இன்னும் மோசமானது. குறுஞ்செய்தியொன்றில் உரோம எழுத்தாயின் 160 குறிகள் அடங்கும். தமிழாயின் 70 குறிகளே அடங்கும். அதிலும் 'கி', 'மோ' போன்ற உயிர்மெய்கள் ஒவ்வொன்றும் இரண்டு குறிகளாகவே கணக்கிடப்படும். நீண்ட செய்தி பலவாகப் பிளந்து ஒவ்வொன்றுக்கும் கட்டணம் கோரிய காலத்திலே, தமிழில் எழுதுவோர் தம் மொழிக்கெனத் தனி வரி செலுத்தினர் என்றே கூறவேண்டும். தமிழை உரோம எழுத்தில் எழுதும் வழக்கம் இளைஞரிடையே வேரூன்றியமைக்கு இது முக்கிய காரணமாகும். மொழிப்பற்றில்லாதவர் என்று அவர்களைக் கடிந்துகொண்ட பெரியோர் இப்பொருளாதார அடிப்படையைக் காணத் தவறிவிட்டனர்.

மறுபுறத்தில், எழுத்தறிவின் எல்லைகளைக் கடந்த வாய்ப்புகளும் தோன்றியுள்ளன. 2013 இல் வாட்ஸ்அப் செயலியிற் குரற்செய்தி அனுப்பும் வசதி ஏற்பட்டது. மத்திய கிழக்கிலே வீட்டுப் பணிப்பெண்ணாகத் தொழில் புரியும் தாய்க்கும், தோட்டத்து லயத்திலே பாட்டியிடம் வளரும் பிள்ளைக்கும் இடையே இன்று பாலமாக விளங்குவது இத்தகைய குரலே. பேச்சுவழக்கின் முழு வளத்தோடும் ஏக்கமும் கண்டிப்பும் கேலியும் கலந்து வரும் அக்குரல், கடிதம் எழுதித்தரப் பிறரை நாட வேண்டிய நிலையிலிருந்து பெண்ணை விடுவித்துள்ளது. சங்கச் செய்யுட்களின் வாய்மொழிப் பண்பைப் பேராசிரியர் க. கைலாசபதி ஆராய்ந்ததைப் பெருமையுடன் நினைவுகூரும் நாம், நம் காலத்து வாய்மொழியை ஆய்வுக்குரியதன்று என ஒதுக்குதல் பொருந்தாது.

இலக்கியச் சமூகத்துக்குக் கிடைத்த பயன்களும் குறைத்து மதிப்பிடத்தக்கவையல்ல. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது அழிந்த நூல்கள் ஏறத்தாழ 97,000 என்பர். ஓரிடத்திற் குவிக்கப்பட்ட அறிவு ஓரிரவில் அழியக்கூடியது என்பதை அந்நெருப்பு உணர்த்திற்று. 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் எண்ணிம வடிவிற் பேணி, எவரும் கட்டணமின்றி வாசிக்க வழிசெய்துள்ளது. மட்டக்களப்பு மாணவியும் ரொறன்ரோவில் வாழும் ஆய்வாளரும் ஒரே பழைய சஞ்சிகையை ஒரே வேளையிற் படிக்கக்கூடிய நிலை முன்னொருபோதும் இருந்ததில்லை. போரினாலும் புலப்பெயர்வினாலும் சிதறுண்ட ஒரு சமூகம் தன்னைத் தானே மீண்டும் வாசிப்பதற்கு இச்சாதனம் இடமளித்தது. பத்திரிகைப் பக்கங்களில் இடம் பெறாத பெண்களும், கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அப்பாலுள்ளோரும் எவரது அனுமதியையும் வேண்டாது எழுதுகின்றனர்.

அவ்வாறாயின் குறை எங்குள்ளது? 'அனுமதி வேண்டாது' என்ற தொடரையே நாம் சற்று நுணுகி நோக்கவேண்டும். முகநூலில் எழுதுவோர் தமக்கு ஆசிரியர் எவரும் இல்லை என நம்புகின்றனர். உண்மை அதுவன்று. எழுதப்பட்டவற்றுள் எது பலர் கண்ணிற் படவேண்டும், எது எவர் கண்ணிலும் படாமற் போகவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் கணிப்பு முறையொன்று அங்கு இடையறாது இயங்குகின்றது. அது முகம் காட்டாத ஆசிரியராகும். கைலாசபதி 1959 முதல் சில ஆண்டுகள் 'தினகரன்' ஆசிரியராக விளங்கியபோது இளம் எழுத்தாளர் பலருக்குக் களம் அமைத்தார்; அவருடைய தெரிவுகளை ஏற்காதோரும் இருந்தனர். மு. தளையசிங்கம் 'ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி'யை எழுதி முற்போக்கு அணியின் நோக்கை மறுத்தார். ஆசிரியருக்குப் பெயரும் கொள்கையும் இருந்தமையால் அவருடன் வாதிட முடிந்தது. அவ்வாதங்களினூடாகவே ஈழத்து விமரிசனம் வளர்ந்தது. இன்றைய ஆசிரியருக்குக் கொள்கை ஒன்றே: வாசகர் திரையை விட்டு அகலாதிருக்க வேண்டும், அவர் கவனம் விளம்பரதாரருக்கு விற்கப்பட வேண்டும். இக்கொள்கையுடன் எவ்வாறு வாதிடுவது?

இதன் விளைவு இலக்கிய மதிப்பீட்டில் வெளிப்படையாகத் தெரிகின்றது. 2009 இல் முகநூலில் அறிமுகமான விருப்பக்குறி, வாசகரின் எதிர்வினையை எண்ணிக்கையாக மாற்றிற்று. ஒரு கவிதையைப் படித்தோர் அதன் படிமம் பற்றியோ நோக்குநிலை பற்றியோ ஒரு பந்தி எழுதவேண்டிய தேவையில்லை. பெருவிரலை அசைத்தாற் போதும். எண்ணிக்கை மிகுந்தது சிறந்தது என்ற மயக்கம் எழுத்தாளரையும் பற்றுகின்றது. நேற்றுப் பாராட்டுப் பெற்ற உணர்ச்சியையே இன்றும் எழுதுகின்றார், நாளையும் எழுதுவார். நட்பு வட்டத்துக்குள்ளேயே எழுதப்படுவதால் குறை கூறுதல் பகையாகக் கொள்ளப்படுகின்றது. பாராட்டும் வசையும் பெருக, அவ்விரண்டுக்கும் இடையில் நிலவவேண்டிய விமரிசனம் மெலிகின்றது. சுயவெளிப்பாட்டுக்குக் கிடைத்த சுதந்திரம் சுயபரிசோதனைக்குப் பயன்படாமற் போதல் பெரும் இழப்பாகும்.

இழப்பு இலக்கியத்தோடு நின்றுவிடவில்லை. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய முதலான இடங்களில் முஸ்லிம் மக்கள்மீது வன்செயல்கள் நிகழ்ந்தபோது, வெறுப்பைத் தூண்டும் பதிவுகள் முகநூல் வழியே பரவின. அத்தளத்தின் உரிமையாளரான நிறுவனம், தனது தளம் தவறாகப் பயன்பட்டமைக்காக 2020 இல் மன்னிப்புக் கோரியது. அரசோ 2018 இலும் 2019 இலும் 2022 இலும் சமூக ஊடகங்களைத் தற்காலிகமாக முடக்கிற்று. 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைப் பலத்த எதிர்ப்புக்கிடையே நிறைவேற்றிற்று. நிறுவனம் மக்களை நுகர்வோராகக் காண்கின்றது. அரசு அவர்களைக் கட்டுப்படுத்தப்பட வேண்டியவர்களாகக் காண்கின்றது. சிந்தித்துத் தெரியக்கூடிய வாசகர் என்ற நிலையில் இரண்டுமே அவர்களைக் காணவில்லை. அத்தகைய வாசகரை உருவாக்கும் பொறுப்பு விமரிசனத்துக்கே உரியது.

நிலைபேறு பற்றிய வினா எஞ்சியுள்ளது. ஓலைச்சுவடியைச் செல்லரித்தது, நூலகத்தை நெருப்பு அழித்தது. எண்ணிம எழுத்துக்கு வரும் அழிவு ஓசையற்றது. 2009 இல் யாஹூ நிறுவனம் தனது ஜியோசிட்டீஸ் சேவையை மூடியபோது எண்ணற்ற பக்கங்கள் அங்கிருந்து நீங்கின. யாஹூ குழுக்களும் 2020 டிசெம்பரில் முற்றாக மூடப்பட்டன. அன்று அவ்விடங்களில் எழுதியோர் வாடகை வீட்டிலே குடியிருந்தோர் என்பது வீடு இடிக்கப்பட்டபோதே புலனாயிற்று. இன்று முகநூலில் எழுதுவோரின் நிலையும் இதுவே. பல்லாண்டுக்காலக் கவிதைகளையும் நினைவுக் குறிப்புகளையும் விவாதங்களையும் பிறர் உடைமையான களஞ்சியத்தில் இட்டு வைத்திருக்கும் ஒரு சமூகம், தன் வரலாற்றின் திறவுகோலையும் அவரிடமே ஒப்படைத்துள்ளது.

இச்சூழ்நிலையிற் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் ஆற்றக்கூடிய பணிகள் சில உள. தத்தம் பழைய ஆண்டு மலர்களை எண்ணிமப்படுத்திப் பொதுவிற் கிடைக்கச் செய்தல் முதலாவது. எண்ணிம ஊடகத்தில் வெளிவருவனவற்றுட் சிறந்தவற்றைத் தெரிந்து, எழுதியோரின் இசைவுடன் தொகுத்துப் பேணுதல் இரண்டாவது. மூன்றாவதே தலையாயது: அவ்வெழுத்துகளை இலக்கியமாக மதித்துப் படித்து, நிறைகுறைகளைக் காரணங்காட்டி எழுதுதல். முகநூற் கவிதை என்று ஏளனம் செய்தலும், இளையோர் எழுத்து என்று சலுகை காட்டுதலும் விமரிசனமாகா. 'மல்லிகை'யில் எழுதியோரை இழிசனர் என்று ஒதுக்கிய மனப்பான்மைக்கு முதலாவது நெருக்கமானது. இரண்டாவது அவ்வெழுத்தாளர் வளர்வதற்கான வாய்ப்பை மறுப்பது.

சாதனத்தின் வருகையை நாம் தீர்மானிக்கவில்லை. அதன் உடைமையும் இன்று நம் கையில் இல்லை. அதில் எழுதப்படுவதை எவ்வாறு வாசிப்பது என்பது மாத்திரம் நம் கையில் உள்ளது. ஒரு விருப்பக்குறி இடும் நேரத்தில் ஒரு பந்தி எழுத முற்படும் வாசகர், எழுதியவருக்கும் சமூகத்துக்கும் உண்மையான மறுமொழி ஒன்றை வழங்குகின்றார். அத்தகைய மறுமொழிகள் பெருகுமாயின், எண்ணிம ஊடகத்திலும் ஓர் இலக்கியச் சமூகம் உருவாதல் கூடும்.