பங்களாவும் லயமும்: எதனைக் காணச் செல்வது?

ஊவா மலைகளுக்குச் செல்வோர், ஒரு நாட்பொழுதிற் பார்க்கத்தக்க பழைய வீடு யாதென வினவினால், அப்புத்தளையிலுள்ள அடிசம் பங்களாவையே பலரும் சுட்டுவர். அவ்விடையை இங்கு சிறிது ஆராய முற்படுகின்றோம். வீடொன்றைக் காட்சிக்குரியதாகப் பேணுதல், வரலாற்றில் எதனை நினைவிற் கொள்வது எனத் தெரிவுசெய்வதாகும். ஆகவே அத்தெரிவும் விமர்சனத்துக்குரியதே.

அடிசம் 1931இற் கட்டப்பட்டது. கட்டுவித்த சேர் தோமஸ் வில்லியர்ஸ், பிரித்தானியப் பிரதமராயிருந்த ஜோன் ரசல் பிரபுவின் பேரன். 1887இல் இலங்கைக்கு வந்து தோட்டத்துறையிற் புகுந்த அவர், பின்னர் கொழும்பு ஜோர்ஜ் ஸ்டூவர்ட் கம்பனியின் தலைவரானார். தாம் பிறந்த கென்ற் பகுதி ஊரின் பெயரையே வீட்டுக்கும் இட்டார். கருங்கற் சுவர்களும் டியூடர் பாணியும் இங்கிலாந்தை இம்மலையில் மீள நிறுவும் ஆசையைப் புலப்படுத்துவன. 1960களின் தொடக்கம் முதல் இது பெனடிக்ற் சபைத் துறவியரின் மடமாக உள்ளது. நூலகத்தையும் வரவேற்பறையையும் பழைய தளபாடங்களோடு அவர்கள் பேணிவருவது பாராட்டத்தக்கதே. எனினும், இச்செல்வம் யாருடைய உழைப்பால் விளைந்தது என்ற வினாவுக்கு அவ்வறைகளில் விடையில்லை.

அயலிலே, லிப்டன் 1890இல் நிறுவிய தம்பேதன்னைத் தொழிற்சாலை, கொழுந்து தேயிலையாகும் விதத்தை விளக்கும். கொழுந்து பறித்தவர் மாலையில் திரும்பும் வீட்டை அதுவும் காட்டாது.

அவ்வீடு லயம். சுமார் பத்தடிக்குப் பன்னிரண்டடியான காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு, அடுத்த குடும்பத்தைப் பிரிக்கும் ஒற்றைச் சுவர். கோப்பிக் காலத்திற் பருவந்தோறும் வந்துபோன ஆட்கூட்டத்துக்கென எழுந்தது இவ்வமைப்பு. ஆண்டு முழுவதும் குடும்பங்களின் உழைப்பை வேண்டிய தேயிலைக் காலத்திலும் அதுவே நீடித்தது. எனவே லயத்தின் நெருக்கடி தற்செயலானதன்று. வேலையாளை மனிதனாகவன்றிக் கூலியாகவே கணித்த கணக்கின் கட்டட வடிவம் அது. பதுளைப் பகுதித் தோட்டமொன்றிற் பிறந்த தெளிவத்தை ஜோசப்பின் ‘மீன்கள்’ சிறுகதை இந்நெருக்கடி குடும்ப உறவுகளை எவ்வாறு சிதைக்கின்றது என்பதைக் காட்டுகின்றது. அடிசம் சொல்லாததை இலக்கியம் சொல்லியிருக்கின்றது.

லயம் ஏன் நூதனசாலையாகவில்லை? விடை கசப்பானது. மக்கள் இன்னும் அதிலே வாழ்கின்றனர். பங்களா பழமையாகிவிட்டது, லயம் பழமையாகவில்லை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது லயங்கள் மனிதரோடு மண்ணுள் மறைந்தன. இத்தகைய வீடுகளைக் காட்சிப்பொருளாய் எட்டிப்பார்க்கும் உரிமை எப்பயணிக்கும் இல்லை.

வேறு வழி உண்டு. ஊவாவுக்கு வெளியே, கம்பளைக்கு அண்மையிலுள்ள பாரதெக்கவில், பழைய லயமொன்று 2007இல் தோட்டத் தொழிலாளர் நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. அமெரிக்காவின் தென்பகுதியிலும் பெருந்தோட்ட மாளிகைகளே நெடுங்காலம் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2014இல் லூசியானாவிற் திறக்கப்பட்ட விற்னி தோட்டமோ அடிமைப்படுத்தப்பட்டோரின் வாழ்வையே மையமாகக் கொண்டது. அடிமைமுறையும் கங்காணிமுறையும் ஒன்றெனக் கூறுவது எமது கருத்தன்று. வீட்டை எவர் பக்கத்தில் நின்று பார்ப்பது என்ற வினாவே இரண்டுக்கும் பொதுவானது.

ஒரு நாளே உள்ளவர் பாரதெக்கவுக்குச் செல்க என்பதே எமது முடிவு. அடிசத்தை விலக்குமாறு நாம் கூறவில்லை; அதனைப் பார்ப்போர் ‘மீன்களை’ வாசித்துவிட்டுச் செல்லட்டும். ஊவாத் தோட்ட மக்களுக்குத் தனி வீடுகள் கிடைக்கும்போது, கைவிடப்படும் லயங்களுள் ஒன்றேனும், அதில் வாழ்ந்தோரின் சம்மதத்தோடும் அவர்களது பொறுப்பிலும் பேணப்படல் வேண்டும். முதலில் வீடு, பின்னரே நூதனசாலை. இவ்வொழுங்கு மாறுமாயின் நினைவுகூரலும் அவமதிப்பாகிவிடும்.