குப்பைமேட்டின் காவலர்

ஆங்கிலப் புதின இலக்கியத்தில் குப்பைக்கெனத் தனியொரு வரலாறு உண்டு. சார்லஸ் டிக்கன்ஸ் 1864-65 ஆம் ஆண்டுகளில் தொடராக வெளியிட்ட ‘நம் பொது நண்பன்’ என்னும் புதினத்தில் ஒரு பெருஞ்செல்வமே சாம்பற் குவியல்களிலிருந்து பிறக்கிறது. அது வெறுங்கற்பனையன்று. அந்நாளைய இலண்டனில் வீடுதோறும் நிலக்கரி எரிந்தது. ஒப்பந்தக்காரர்கள் அதன் சாம்பலை வண்டி வண்டியாக வாரிச் சென்று மேடுகளாகக் குவித்தனர். பெண்கள் அம்மேடுகளின் அடியில் நின்று சல்லடையிட்டுச் சலித்தனர். பொடிச் சாம்பல் செங்கல் மண்ணோடு கலப்பதற்கும், எரியாது எஞ்சிய கரித்துண்டுகள் அச்செங்கல்லைச் சுடுவதற்கும் போயின. எலும்பு, கந்தல், பழைய இரும்பு ஆகிய ஒவ்வொன்றையும் வாங்குவோர் இருந்தனர். நகரம் தான் எறிந்ததைக் கொண்டே தன் சுவர்களை எழுப்பிக்கொண்டது. எறிந்ததைப் பொறுக்கிய கைகளை மட்டும் அது தன் வாசற்படியில் ஏற்றவில்லை.

அந்த ஏற்றாமையிலிருந்து ஒருவன் சினங்கொண்டு எழுந்தால் என்னவாகும்? டிக்கன்ஸ் கேளாமல் விட்ட இக்கேள்வியை ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் கேட்டிருக்கிறார் எட்வர்ட் கேரி. 1970இல் பிறந்த இவர் இங்கிலாந்துக்காரர். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் எழுத்துக்கலை கற்பிப்பவர். தம் நூல்களுக்குத் தாமே படம் வரைபவர். ‘ஹீப் ஹவுஸ்’ (2013), ‘ஃபௌல்ஷம்’ (2014), ‘லங்டன்’ (2015) என்னும் மூன்று புதினங்களும் சேர்ந்து அயர்மாங்கர் என்ற ஒரே குடும்பத்தின் கதையைச் சொல்கின்றன. இவை இளையோர்க்கான நூல்கள் என்றே வெளிவந்தன. அந்த அடையாளத்தைக் கண்டு மூத்தோர் ஒதுங்கிவிட வேண்டா.

கதை நிகழ்வது 1875இல். இலண்டனின் ஓரத்தில், நகரத்துக் குப்பையெல்லாம் வந்து குவியும் ஒரு வெளி. அது கடலைப்போல் அலையெழுப்புகிறது. புயல் வரும் நாளில் ஆளை விழுங்குகிறது. அதன் நடுவே இலண்டனில் இடிபட்ட கட்டடங்களின் துண்டுகளையெல்லாம் கொணர்ந்து ஒட்டிய ஒரு மாபெரும் வீடு. அயர்மாங்கர் என்ற பெயரில் இரும்புச் சாமான் வணிகரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் ஓசை ஒளிந்திருக்கிறது. நம் ஊர் வழக்கில் ‘இரும்புக் கடைக்காரர்’ எனலாம். குடும்பத்தாரின் பெயர்களும் அப்படித்தான். ரோசமண்ட் என்பது ‘ரோசமட்’ ஆகிச் சேற்றைக் குறிக்கிறது. க்ளாட் என்ற சிறுவனின் பெயரோ மண்ணாங்கட்டி என்றே பொருள்படுகிறது. நல்ல பெயர்களும் இங்கே தேய்ந்து, உடைந்து, மேட்டில் கிடந்து எடுத்தவை போலத் தோன்றுகின்றன. முதலில் வேடிக்கையாகப் படும் இந்த உத்தி, போகப்போக நம்மைச் சங்கடப்படுத்துகிறது.

இக்குடும்பத்தின் தலைவர் அம்பிட் அயர்மாங்கர். முதல் நூலில் அவரை நாம் அதிகம் காண்பதில்லை. அச்சத்தோடு பிறர் பேசக் கேட்கிறோம். நாள்தோறும் வீட்டின் அடியிலிருந்து புறப்படும் தொடர்வண்டியில் அவர் அலுவலுக்குச் செல்கிறார், திரும்புகிறார். அவர் வந்ததை வண்டியின் ஊளைச்சத்தமே வீட்டாருக்கு அறிவிக்கிறது. தம் குப்பைப் பேரரசை அவர் எதற்காகப் பெருக்குகிறார், அந்தத் தொழிற்கூடங்களில் என்ன நடக்கிறது என்பதைப் பேரப்பிள்ளைகள் அறியார். மறைவே அவரது ஆட்சிமுறை.

அவ்வீட்டில் பிறக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு ‘பிறவிப்பொருள்’ தரப்படுகிறது. அதை வாழ்நாள் முழுவதும் பிரியலாகாது. ரோசமட் அத்தைக்கு ஒரு கதவுக் கைப்பிடி. பாட்டியாருக்குப் பளிங்காலான கணப்படுப்பு முகப்பு. அதை நகர்த்த இயலாமையால் அவர் தம் அறையை விட்டு வெளியே வந்ததே இல்லை. அம்பிட்டுக்கு எச்சிற்படிக்கம். க்ளாட் என்ற நோஞ்சான் சிறுவனுக்குக் குளியல்தொட்டியின் அடைப்பான். இச்சிறுவனிடம் ஒரு வரம் இருக்கிறது. சாபம் என்றும் சொல்லலாம். அப்பொருள்கள் பேசுவது அவன் காதில் விழுகிறது. ஒவ்வொன்றும் ஒரு பெயரை மட்டுமே சொல்கிறது. அவனுடைய அடைப்பான் ‘ஜேம்ஸ் ஹென்றி ஹேவர்ட்’ என்று ஓயாமல் முணுமுணுக்கிறது. கைப்பிடி ‘ஆலிஸ் ஹிக்ஸ்’ என்கிறது. அவை யாருடைய பெயர்கள் என்பதை வாசகர் மெல்ல மெல்ல உணர்கிறார். அப்பொருள்கள் ஒருகாலத்தில் மனிதர்களாயிருந்தவை.

இந்த இடத்திலேதான் கேரி சாதாரணக் கற்பனைக் கதையாசிரியரிடமிருந்து விலகி நிற்கிறார். அம்பிட்டின் மனக்குறை பொய்யானதன்று. இலண்டன் தன் கழிவை அவர் குடும்பத்தின் தலையில் கொட்டியது. கொட்டிவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டது. இரண்டாம் நூலில் குப்பையைத் தடுத்து நிற்கும் மதில்கள் பிதுங்குகின்றன. எறிந்தவை எறிந்த நகரத்திற்கே வழிந்து திரும்பத் தொடங்குகின்றன. தம் அலுவலகத்தில் துயரும் சீற்றமுமாக அமர்ந்திருக்கும் கிழவரை நாம் எளிதில் வெறுத்துவிட முடியாது. யாரும் வேண்டாத பொருளை எடுத்து வைத்துக்கொள்பவர் ஒரு வகையில் இரக்கமுள்ளவர் அல்லவா என்ற எண்ணமும் எழுகிறது. கேரி அந்த எண்ணத்தை எழ விடுகிறார். எழவிட்ட பின்பே அதைச் சோதிக்கிறார்.

சோதனை இதுதான்: சேர்த்து வைப்பவர் எதைச் சேர்க்கிறார்? பொருளையா, பொருள்பட்ட காயத்தையா? அம்பிட் சேர்ப்பது பின்னதையே. உடைந்த கோப்பையில் அவர் காண்பது கோப்பையை அன்று. அதை உடைத்தெறிந்த கையை. ஆகவே எவ்வளவு சேர்த்தாலும் அவருக்குப் போதவில்லை. பொருள்களுக்கு மனித உருவம் தரவும், மனிதரைப் பொருள்களாக்கவும் அவர் வழி கண்டுபிடிக்கிறார். நகரத்தைப் பழிவாங்கும் படையைத் திரட்டுவதற்கு அவர் பயன்படுத்துவதோ நகரத்துச் செல்வர்களை அன்று. தம் மேட்டின் ஓரத்திலேயே பசித்துக் கிடக்கும் ஏழைகளை. இலண்டன் அவரை நடத்திய முறையை அவர் அப்படியே கற்றுக்கொண்டார். அயர்மாங்கர் வீட்டுப் பணியாளர் நிலையைப் பாருங்கள். மாடியிலுள்ளோர்க்கு விதவிதமான பெயர்கள். கீழ்த்தளத்து வேலையாட்கள் அனைவருக்கும் அயர்மாங்கர் என்ற ஒரே பெயர். வந்து சேர்ந்த சில நாட்களிலேயே சொந்தப் பெயரை மறந்துபோகிறார்கள். லூசி பென்னன்ட் என்ற அநாதைப் பெண் அங்கே வேலைக்கு வந்து, தன் பெயரைப் பற்றிக்கொள்ளப் படும் பாடு முதல் நூலின் மிகச் சிறந்த பகுதி. அரக்கர்களும் புயல்களும் நிறைந்த கதையில், ஒரு பணிப்பெண் தன் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள முயல்வதே நம்மை மிகுதியும் பதறச் செய்கிறது. க்ளாடும் லூசியும் மாறிமாறிக் கதை சொல்லும் அமைப்பு இதற்குப் பெரிதும் உதவுகிறது. மேலிருப்பவனுக்குப் பொருள்களின் பெயர்கள் கேட்கின்றன. கீழிருப்பவளுக்கோ தன் பெயரே காதிலிருந்து நழுவுகிறது.

குடும்பத்திற்குள்ளேயும் இதே கதைதான். குப்பையின் ஆழத்தில் பினாடிட் என்ற ஒருவன் விலங்கினும் கீழாக வாழ்கிறான். அவனும் ஓர் அயர்மாங்கர்! எறிந்தவற்றையெல்லாம் எடுத்து வைத்துப் பெருமை கொள்ளும் குடும்பத்தில், எடுத்து வைக்கப்படாத ஒரு மனிதன். குவியலில் கைவிடப்பட்ட லூசியைக் காப்பாற்றுபவன் அவனே. அம்பிட்டுக்கு இதைவிடக் கடுமையான மறுப்பு மூன்று நூல்களிலும் வேறில்லை.

டிக்கன்ஸின் மற்றொரு கதைமாந்தரை இங்கே நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. 1852-53இல் வெளிவந்த ‘ப்ளீக் ஹவுஸ்’ புதினத்தில் க்ரூக் என்ற கிழவன் கந்தலும் புட்டியும் வாங்கும் கடை வைத்திருக்கிறான். அவன் எல்லாவற்றையும் வாங்குவான். எதையும் விற்பதாகத் தெரியாது. அருகிலுள்ள பெரிய நீதிமன்றத்தின் தலைவருக்குரிய பட்டத்தை அக்கம்பக்கத்தார் அவனுக்குச் சூட்டி நகைக்கின்றனர். அங்கேயும் காகிதங்கள் உள்ளே போகும், வெளியே வாரா. படிப்பறியாத அவன் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதி உடனே அழிப்பான். கற்றுத்தருபவர் தவறாகக் கற்றுத்தரக்கூடும் என்ற ஐயத்தால் யாரிடமும் கற்கமாட்டான். கையில் வைத்திருக்கும் கடிதக் கட்டின் மதிப்பு அறியாமலே தானாக எரிந்து சாம்பலாகிறான். மனிதன் தானாக எரிய முடியுமா என்று ஜி. எச். லூயிஸ் என்ற திறனாய்வாளர் டிக்கன்ஸோடு வழக்காடியது தனிக்கதை.

க்ரூக்கின் மறைவு அறியாமையிலிருந்து வருவது. ஆகவே அவன் இரங்கத்தக்கவன். அம்பிட்டின் மறைவு அறிவிலிருந்து வருவது. ஒவ்வொரு பொருளும் யாராயிருந்தது என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தே அவர் மௌனம் காக்கிறார். கேரியின் முதற்புதினமான ‘அப்சர்வேட்டரி மேன்ஷன்ஸ்’ (2000) கூட ஒரு சேகரிப்பாளனைப் பற்றியதே. வெள்ளைக் கையுறை அணிந்த ஃபிரான்சிஸ் ஓர்ம், பிறர் நேசித்த பொருள்களைத் திருடி நிலத்தடியில் ஒளித்து வைக்கிறான், மொத்தம் 996. அவனுக்கு வேண்டியது மற்றவர் அன்பு பட்ட பொருள். அம்பிட்டுக்கு வேண்டியதோ மற்றவர் வெறுப்புப் பட்ட பொருள். இருவரையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்போர்க்கு, பதின்மூன்று ஆண்டுகளில் இவ்வாசிரியர் எவ்வளவு ஆழம் போயிருக்கிறார் என்பது விளங்கும்.

இனிக் குறைகள். உறவினர் கூட்டம் அளவு மீறியது. மாமனும் அத்தையும் ஒன்றுவிட்ட பிள்ளைகளுமாகத் தலை சுற்றுகிறது. பலர் ஒரு படமும் ஒரு பெயரும் பெற்று மறைகின்றனர். பெருங்குறை மூன்றாம் நூலில் இருக்கிறது. அயர்மாங்கர்கள் இலண்டனுக்குள் நுழைந்த பின் பகலவன் உதிப்பதில்லை; வீட்டுப் பொருள்கள் அசைகின்றன; எலிகள் பெருகுகின்றன; செல்வர் மாளிகையிலும் ஏழைக் குடிசையிலும் மக்கள் காணாமற் போகின்றனர். காட்சிகள் வலியவை, ஐயமில்லை. ஆனால் பழி என்பது நெஞ்சில் புழுங்கியவரை இருந்த கனம், தெருவில் இறங்கியதும் குறைந்துவிடுகிறது. தொடர்வண்டியின் ஊளையில் நாம் கேட்ட அம்பிட் நம்மை நடுக்கினார். இருளைக் கொண்டு வந்த அம்பிட் ஏனைய கொடியோருள் ஒருவராகிறார். மேலும், இலண்டன் தரப்பில் மனசாட்சியோடு பேசும் ஒருவரையாவது ஆசிரியர் படைத்திருக்கலாம். நகரம் தன் குற்றத்தை ஒருமுறையேனும் தன் வாயால் கேட்டிருக்க வேண்டும். காவலரும் ஆயுதமும் வந்து அந்த இடத்தை நிரப்பிவிடுகின்றன.

படங்களைப் பற்றி ஒரு சொல். கரிய நிழல் படிந்த உருவப்படங்கள் ஒவ்வொன்றிலும் முகம் பொருளைப் போலவும், பொருள் முகத்தைப் போலவும் இருக்கின்றன. ஆசிரியரே வரைந்தமையால் எழுத்துக்கும் படத்துக்கும் இடைவெளி இல்லை. படங்களை விட்டுவிட்டு இந்நூல்களை மொழிபெயர்க்க யாரேனும் எண்ணினால் அது பெரும் இழப்பாகும்.

முதல் இரண்டு நூல்களும் சேரும் இடத்தையே நான் மீண்டும் மீண்டும் புரட்டிப் பார்க்கிறேன். முதல் நூலின் இறுதியில் க்ளாட் ஒரு தங்கக் காசாகிவிடுகிறான். லூசி ஒரு களிமண் பொத்தானாகிறாள். இரண்டாம் நூல் திறக்கும்போது ஜேம்ஸ் ஹென்றி ஹேவர்ட் என்ற சிறுவன் நம் முன் நிற்கிறான். இத்தனை நாள் அடைப்பானாக முணுமுணுத்தவன் இப்போது எலும்பும் தோலுமாக இருக்கிறான். அவன் சட்டைப்பையில் ஒரு தங்கக் காசு. அதை எக்காலத்தும் செலவழிக்கக் கூடாது என்று அவனுக்கு மீண்டும் மீண்டும் சொல்லப்பட்டிருக்கிறது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. தன்னை வாழ்நாளெல்லாம் கையில் ஏந்திய சிறுவனே அந்தக் காசு என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் பொருள்களின் பேச்சைக் கேட்கும் வரம் பெற்றவன் அல்லன். காசு அவன் கையை விட்டுப் போய்விடுகிறது. ஊரெங்கும் கை மாறி அலைகிறது.