முதலியோருள் மறைந்தோர்
பெயர்களை எண்ணும் முறை பற்றி ஒரு நோக்கு

யப்பானிய மொழியிற் பெயர்களை அடுக்கிக் கூற விழைபவர், இரண்டாவது பெயரைச் சொல்லுமுன்னரே ஒரு முடிவுக்கு வந்துவிடுதல் வேண்டும். தேநீரையும் கோப்பியையும் மாத்திரமே கருதின் 'ஒச்சா தொ கோஹீ' என்பர். அவ்விரண்டையும் எடுத்துக்காட்டாகக் கூறிப் பிற பானங்களுக்கும் இடம் விடக் கருதின் 'ஒச்சா யா கோஹீ' என்பர். 'தொ' எண்ணி முடித்த பட்டியலைக் குறிக்கும். 'யா' முடியாத பட்டியலிலிருந்து எடுத்த மாதிரிகளைக் குறிக்கும். ஈற்றில் 'நாதொ' என்ற சொல்லையும் சேர்த்து, 'இன்னும் உள' என்பதை வலியுறுத்தலாம். எனினும் முதற் பெயரை அடுத்து வரும் இடைச்சொல்லே பட்டியலின் தன்மையை உணர்த்திவிடுகிறது.

தமிழில் நிலை வேறு. தொல்காப்பிய இடையியல் உம்மைக்கு எட்டுப் பொருள் கூறும். எண்ணும் முற்றும் அவற்றுள் அடங்கும், எச்சமும் அடங்கும். 'தேநீரும் கோப்பியும் உண்டு' என்னும்போது பிற பானங்கள் உளவா இலவா என்பதை உம்மை மாத்திரம் தெளிவுபடுத்துவதில்லை. தற்கால உரைநடை இப்பணியை ஈற்றில் வரும் சொற்களிடம் ஒப்படைத்துள்ளது. 'ஆகிய' பட்டியலை மூடும். 'முதலிய', 'போன்ற' என்பன அதைத் திறந்துவிடும். வாசகர் கடைசிப் பெயர்வரை காத்திருக்க வேண்டியவராகிறார். எழுதுபவருக்கோ இதனால் ஒரு வசதி கிட்டுகிறது: நினைவுக்கு வந்த பெயர்களை எழுதிய பின்னர், ஈற்றில் எச்சொல் வேண்டும் எனத் தீர்மானிக்கலாம்.

யப்பானிய மொழியையும் தமிழையும் உறவு மொழிகளாகக் காண முயன்ற சுசுமு ஓனோ 1980ஆம் ஆண்டளவில் வெளியிட்ட ஆய்வுகளும், அவரோடு இணைந்து பணியாற்றிய பேராசிரியர் அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோரின் முயற்சிகளும் ஈழத்தில் நன்கறியப்பட்டவை. மொழியியலாளர் பலர் அவ்வுறவை ஏற்றாரல்லர். அவ்வாதம் எவ்வாறாயினும், நமது உம்மையை ஒத்து ஒவ்வொரு பெயரின் பின்னும் வரும் 'மொ' என்னும் இடைச்சொல் யப்பானிய மொழியில் உண்டு. 'யா'வுக்கு நிகரான ஒன்றே தமிழில் இல்லை. அவ்விடத்தை நிரப்பும் இரு சொற்களும் குற்றமற்றவை அல்ல. 'முதலிய' என்பதில் 'முதல்' உள்ளது; எனவே பெயர் கூறப்பட்டவர் தலைமையானவராகவும் கூறப்படாதவர் பின்னவராகவும் தோன்றுவர். 'போன்ற' என்பது ஒப்புமையைக் குறிப்பது. பெயர் கூறப்படாதவர் கூறப்பட்டவரின் சாயலாகிவிடுவர்.

இது வெறும் இலக்கணச் சிக்கலன்று. ஈழத்துத் தமிழ் இலக்கியம் பற்றிய கட்டுரைகளில் மலையகத்துக்கு ஒதுக்கப்படும் பகுதியை நோக்குவோர் இதனை உணர்வர். யாழ்ப்பாணத்து எழுத்தாளர்கள் தனித்தனியே ஆராயப்பட்டபின், ஈற்றில் 'மலையகத்தில் வேலுப்பிள்ளை, ராமையா, ஜோசப் போன்றோர் தோட்டத் தொழிலாளரின் துயரை எழுதினர்' என்னும் பாங்கில் ஒரு வாக்கியம் வரும். யார் எதில் ஒத்தவர்? 1914இல் மடக்கும்புரத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியவர். 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றஞ் சென்றவர். 'ஒரு கூடைக் கொழுந்து' தந்த என். எஸ். எம். ராமையா சிறுகதையாளர். தெளிவத்தை ஜோசப் பதுளைப் பக்கத்தவர்; 'காலங்கள் சாவதில்லை' என்ற நாவலை 1974இல் வெளியிட்டவர். 'தூரத்துப் பச்சை' எழுதிய கோகிலம் சுப்பையாவோ பெரும்பாலும் அந்தப் 'போன்றோர்' என்பதற்குள்ளேயே மறைந்துவிடுகிறார். 1971இல் வெளிவந்த 'கதைக்கனிகள்' தொகுப்பில் இடம்பெற்ற இளைஞர் பலருக்கும் அதே கதியே.

தோட்டத்தில் வாழ்வோர் மூடிய பட்டியலின் வலிமையை எவரினும் நன்கறிவர். காலையிற் பிரட்டுக் களத்தில் ஆள் எண்ணப்பட்டுப் பெயர் செக்ரோலில் ஏறினாலன்றிச் சம்பளமில்லை. கொழுந்தின் நிறை குறைந்தால் 'அரைப்பேர்' விழும். அங்கு பெயரே நாட்கூலியின் அளவாயிற்று. அதே மக்கள் கவ்வாத்து, கான்வெட்டு, புல்வெட்டு எனத் தாம் செய்யும் வேலைகளை அடுக்கி, 'அப்படீன்னு' என்று முடிக்கையில் திறந்த பட்டியலையும் இயல்பாகக் கையாளுகின்றனர்.

அரசுகளின் பட்டியல்களோ வேறுவகையின. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரைக் குடிகளின் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. 1964 ஒக்ரோபரிற் செய்யப்பட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிலெடுத்து, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. எஞ்சிய 150,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவர் என விடப்பட்டனர். 1974இல் அவர்களும் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். பத்தாண்டுகள் ஒரு பெருந்தொகை மக்கள் பெயரின்றி எச்சமாக நின்றனர். லயக் காம்பராவில் இருந்த எவரும், தாம் அந்த எச்சத்துள் அடங்குவரா என்பதை ஒப்பந்தத்தைப் படித்து அறிந்திருக்க முடியாது. குடியுரிமையற்று எஞ்சியோருக்கு வழிசெய்யும் சட்டம் 2003இலும் தேவைப்பட்டது.

இவற்றைக் கொண்டு 'முதலிய'வை விலக்கவேண்டும் என்பது பொருந்தாது. முழுமையும் அறியாதார் 'ஆகிய' என்று மூடுவது அதனினும் பெரிய பிழை. அளவு இத்துணையென அறியப்பட்ட பொருளுக்கு உம்மை வேண்டும் எனக் கிளவியாக்கம் விதிக்கிறது. அறிந்த அளவே எண்ணுக்கு அடிப்படை என்பது அதன் உட்கிடை. திறந்த பட்டியலுக்கும் அத்தகைய ஓர் அளவுகோலை வகுக்கலாம். 'ராமையா முதலியோர்' என எழுதிய திறனாய்வாளர், 'அடுத்தவர் யார்?' என வினவப்படின் விடை கூற வல்லவராயிருத்தல் வேண்டும். வல்லராயின் அச்சொல் இடச்சுருக்கம் கருதி வந்தது. அல்லராயின் அது அறியாமைக்கு இட்ட திரை. பல்கலைக்கழக ஆய்வேடுகளிலும் இரண்டாவது வகை அரிதன்று.

பெயர் கூறவே இயலாத இடமும் ஒன்றுண்டு. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல் நூலாயிற்று. அப்பாடல்களை முதலிற் பாடியோர் இன்னார் எனக் காட்டி எந்தத் திறனாய்வாளரும் பட்டியலிட முடியாது. கொழுந்து மலையிற் பாடிய அப்பெண்களின் பெயர்கள் அன்றன்று செக்ரோலில் ஏறியிருக்கும், முழுப்பேராகவோ அரைப்பேராகவோ.